மஞ்சள் சட்டைக்காரியின் துழாவி

“பஸ் ஏறிட்டேன் அம்மிணி. நீ ஸ்டாண்டுக்கெல்லாம் வர வேண்டாம், நானே வந்துக்குவேன்” என்று சொல்லி அண்ணன் போனை வைத்தபோது மணி பத்து. சென்னிமலையிலிருந்து ஈரோட்டுக்கு ஒரு மணி நேரம், இறங்கி ஆட்டோ பிடித்து, ஆட்டோக்காரருக்கு வழி சொல்லி, வழி தப்பி, வீடு வந்து சேர இன்னும் அரை மணி, ஆகப் பதினொன்றரை, அதற்குள் மேல்பூச்சு ஒரு கை ஓட்டிவிடலாம், காய்ந்தும்விடும், ஞாயிற்றுக்கிழமை, பல் லேபுக்கு யாரும் வரமாட்டார்கள், வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு கல்யாணமென்று போயாயிற்று, கீழே சின்னத் தீயில் குக்கரில் கறி, வசந்தாமணிக்கு இந்தக் காலையில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயசில் என்ன பரீட்சை. மேஜையில் அது நின்றது. இருபத்தாறு வருஷமாக ஊரிலுள்ள பொக்கை வாய்க்கெல்லாம் பல் செட் கட்டிக் கொடுத்த மேஜை, அதன்மேல் இன்று ஒரு சாண் நீளப் பிடியும், பிடியின் தலையில் பாதிக் கொட்டாங்குச்சி அளவில் ஒரு கிண்ணமும், கிண்ணத்தின் வாயில் குமிழ்க் கண்ணாடியும், சுற்றிலும் நான்கு துடுப்புகளுமாகத் துழாவி. ‘மஞ்சச் சட்டைக்காரி படம்’ என்று அவளும் அண்ணனும் பேர் வைத்திருந்த அந்த வெளிநாட்டுப் படத்தில், விளக்கெல்லாம் அணைந்துபோன விண்கலத்தில் தனியாக மிஞ்சியவள் கையில் பிடித்திருந்த துழாவி, இருட்டில் எங்கேயாவது ஓர் உயிர் இருந்தால் அந்தப் பக்கம் திரும்பும்போது நீலமாக எரிகிற துழாவி. படத்தைத் தமிழில் பேசவிட்ட புண்ணியவான் எவனோ அதற்கு அந்தப் பேரை வைத்திருந்தான். நாலு மாதமாகத் தானே உப்புத்தாளால் ராவி, தானே ஒட்டி, தானே சாயம் ஏற்றியதுதான், இருந்தாலும் இன்று காலை கதவைத் திறந்தவள், உள்ளே பெரிய மனுஷர் யாரோ வந்து உட்கார்ந்திருப்பதுபோல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இதை நானா பண்ணினேன் என்று மலைப்பாக இருந்தது. ஆனால் மலைப்பு ஒருபக்கம், பரீட்சை ஒருபக்கம். அண்ணன் கண்ணில் இப்போது மிச்சமிருப்பது நட்டநடுவே ஒரு காசு அகலத்துக்குப் பார்வை, அதுவும் இன்னும் ஆறு மாதமோ ஒரு வருஷமோ என்று டாக்டர் சொல்லியாயிற்று, அதற்குள் இது எரிவதை அவர் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பார்ப்பாரா, அது அவர் கண்ணுக்குத் தெரியுமா என்பதுதான் கலக்கம்.

அண்ணனுக்கு மாலைக்கண் என்று வீட்டுக்குத் தெரியவந்ததே அந்தப் படத்தால்தான். சென்னியப்பன் என்று மலைச்சாமி பேரை வைத்த பிள்ளைக்குக் கண்ணில் கோளாறா என்று அம்மா பிறகு அழுதாள், ஆனால் அன்றைக்கு அழுவதற்கு எதுவுமில்லை, அன்றைக்கு வெறும் மேட்னி ஷோ, வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே நுழைந்தால் இருட்டு, படம் ஆரம்பித்துவிட்டது, அவளுக்கு ஒன்பது வயசு, அவருக்குப் பதின்மூன்று. உள்ளே வந்ததும் அவர் கம்பம்போல நின்றுவிட்டார். பின்னால் வந்தவன் “தம்பி, நகருடா” என்று முதுகில் குத்தினான், அவர் நகர்ந்தார், நகர்ந்து நேராகப் போய் ஒரு முறுக்குக்காரர் மடியில் உட்கார்ந்தார், கொட்டகையே சிரித்தது. அப்போதுதான் அவள் அண்ணனுடைய சுண்டுவிரலைப் பிடித்தாள். மூன்றாவது வரிசை, தூணுக்குப் பக்கத்தில், இங்க உக்காருங்கண்ணா என்று உட்கார வைத்தாள். அந்தச் சுண்டுவிரல் வேர்த்து வழுக்கியது இப்போதும் விரல் இடுக்கில் தெரிகிறது, வியர்வைக்கு இத்தனை ஆயுசா. அவருக்கு அந்தக் கொட்டகையில் திரை ஒன்றுதான் இருந்ததாம், பிற்பாடு சொன்னார், முன்வரிசைத் தலைகள் இல்லை, பீடிப் புகை இல்லை, தூண் இல்லை, பக்கத்தில் தங்கச்சிகூட இல்லை, கருப்புக்கு நடுவில் சதுரமாக ஒரு வெளிச்சம், அதற்குள் மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தி. அந்தத் துழாவியைக் கையில் எடுத்து அவள் இருட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டே இருந்தாள், ஒன்றும் எரியவில்லை, ஒன்றும் எரியவில்லை, சோடாக்காரன் பாட்டிலைத் தட்டுவதை நிறுத்தினான், குழந்தைகள் வாயை மூடின, ஒன்றும் எரியவில்லை, பிறகு எரிந்தது. நீலம். அப்படியொரு நீலத்தை அதற்குமுன் சென்னிமலையில் யாரும் பார்த்திருக்க முடியாது, இத்தனை தறிகள் ஓடுகிற ஊரில், இத்தனை சாயம் முக்குகிற ஊரில், அந்த நீலம் இல்லை. முந்நூறு பேர் இருந்த கொட்டகையில் மூச்சுச் சத்தம் கேட்டது. வசந்தாமணி தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள், ஏன் என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது, எங்கேயோ யாரோ இருக்கிறார்கள் என்று ஒரு விளக்கு சொன்னால் மனுஷன் எழுந்து நின்றுவிடுவான்போல. அந்தப் படத்தை நாலு தடவை பார்த்தார்கள், நாலு தடவையும் சுண்டுவிரல் அவள் கையில்தான். அதற்கப்புறம் அண்ணன் கணக்கு வாத்தியார் ஆகி, நடு பெஞ்சுப் பிள்ளைகள் மட்டும் தெரிந்து ஓரத்துப் பிள்ளைகள் தெரியாமல் போகத் தொடங்கியதும் தானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பாதி வகுப்புக்குப் பாடம் நடத்தி முழுச் சம்பளம் வாங்க மாட்டேன் என்றார். அப்படிப்பட்ட ஆள்.

புனாவில் ஒருவர் இருக்கிறார், இந்த மாதிரிப் படச் சாமான்களைக் கம்ப்யூட்டரில் அளந்து பிளாஸ்டிக்கில் அச்செடுத்து அனுப்புகிறவர், நெட்டில் அதற்கென்று ஒரு கூட்டமே இருக்கிறது, உலகம் முழுக்க ஆட்கள், கல்யாணம் காட்சிக்குப் போகாமல் துடுப்பில் ஆணி ஆறா ஏழா என்று வாரக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “பல்லுக் கட்டறவளுக்கு ராக்கெட்டு கேக்குதாக்கும்” என்றார். கேட்கத்தான் செய்தது. பெட்டியைப் பிரித்தபோது பதினொரு துண்டுகள், உடம்பெல்லாம் வரிவரியாக, வேகாத முறுக்கு மாதிரி, இதுவா அது என்று அழுகையே வந்துவிட்டது. வரியை ராவினாள். முதல் பூச்சு அடித்தாள், பார்த்தாள், வரி தெரிந்தது, மறுபடி ராவினாள். ஒன்பது தடவை. பத்தாவது தடவை சாம்பல் நிறப் பூச்சு ஈரமாக ஓடி எல்லா ஒட்டுத் தடத்தையும் மூடி உலர்ந்தபோது பதினொன்று என்பது இல்லாமல் போய்விட்டது, ஒன்று இருந்தது, அவள் தன்னையறியாமல் கையை எடுத்துக்கொண்டாள், தொடலாமா என்று இருந்தது. அப்புறம் ஒருநாள் அந்தக் கூட்டத்தில் ஒருவர் எழுதியிருந்தார், அசல் துழாவியின் துடுப்பு நாலும் அந்த நாட்டுச் சமையலறையில் வேகவைத்த முட்டையை வில்லை போடுகிற சாமானிலிருந்து கழற்றியவையாம். அதைப் படித்துவிட்டு வசந்தாமணி அரை மணி நேரம் வேலை செய்யவில்லை. எவரோ ஒருவர், எந்த ஊரிலோ, முட்டை நறுக்குகிற கம்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இது நட்சத்திரங்களுக்கு நடுவில் உயிர் தேடும் என்று நினைத்திருக்கிறாரே. அந்த மனசு எப்படிப்பட்ட மனசு. நினைத்ததோடு விட்டாரா, அது சென்னிமலை வரைக்கும் வந்து மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளையை எழுந்து நிற்க வைத்ததே. இன்னொன்றும் எழுதியிருந்தார்கள், அசலில் விளக்கே கிடையாதாம், நீலத்தைப் பிற்பாடு படச்சுருளில் கட்டம் கட்டமாக வரைந்தார்களாம். அப்படியானால் உலகத்தில் உண்மையாக எரியப்போகிற துழாவி இந்த ஈரோட்டுத் துழாவிதான், இதை நினைத்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பிடியின் தந்த நிறத்துக்கு அவள் யாரையும் கேட்கவில்லை, பல் நிறம் பார்க்கிற மாதிரிப் பற்களின் சரத்தை எடுத்துப் படத்தோடு ஒட்டிப் பார்த்தாள், வெற்றிலை போடாத, காப்பி மட்டும் குடிக்கிற நாற்பது வயசு மனுஷரின் கடைவாய்ப்பல், அச்சு அசல். அழுக்கு ஏற்றுவதும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பல் செட் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் முத்துப்போல வேண்டும் என்பார்கள், முத்துப்போலக் கட்டினால் செட் என்று ஊருக்கே தெரிந்துவிடும், ஈறோரம் ஒரு துளி மஞ்சள், ஒரு பல்லைக் கொஞ்சம் திருப்பி வைத்தல், மயிரிழையில் ஒரு கீறல், அப்போதுதான் வாய் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும். துழாவிக்கும் அதையேதான் செய்தாள்.

எல்லாம் சரி, விளக்கு. விளக்கில்தான் அவள் ஒரு காரியம் பண்ணிவிட்டாள், யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல யார் இருக்கிறார்கள். போன மாதம் சென்னிமலை போயிருந்தபோது அண்ணி கொடியில் துணி எடுக்கப் போயிருந்தாள், அண்ணன் சமையலறையில் காஸ் அடுப்பு முன்னால் நின்று உள்ளங்கையை அதன்மேல் நீட்டிக்கொண்டிருந்தார். “எரியுதா அம்மிணி?” என்றார். எரிந்துகொண்டுதான் இருந்தது, நீலமாக, வட்டமாக, ஒரு சாண் தூரத்தில். “எரியுதுங்கண்ணா” என்றாள். “தீக்குச்சி தெரியுது, அடுப்பு தெரிய மாட்டேங்குது” என்றார், பஸ் லேட் என்று சொல்வதுபோலச் சாதாரணமாக. கண்ணில் முதலில் செத்துப்போகிற நிறங்களில் நீலமும் ஒன்றாம், இந்த நோய்க்கு அப்படி நடக்குமாம். வீட்டுக்கு வந்து இரண்டு ராத்திரி தூங்கவில்லை. வாங்கி வைத்திருந்தது நீல விளக்கு, குன்றிமணியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதைப் போட்டால் துழாவி துழாவியாக இருக்கும், அண்ணனுக்குத் தெரியாது. மஞ்சளாக ஒன்று போட்டால் அண்ணனுக்குத் தெரியும், ஆனால் அது துழாவி இல்லை, பூஜையறை விளக்கு. தலையைப் பிய்த்துக்கொண்டு பார்த்தாள். கடைசியில் மஞ்சளையே வைத்து ஈயத்தால் பற்றவைத்து, கிண்ணத்தைக் குமிழால் மூடி, பல் செட் வார்க்கிற அக்ரிலிக் குழைத்து வாயைச் சுற்றி அடைத்துவிட்டாள், வியாழக்கிழமை. தெரிய வேண்டும், அவ்வளவுதானே, அவர் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், நிறத்தை யார் கேட்கப்போகிறார்கள், கேட்டால் பூசி மெழுகிவிடலாம், பழைய பிரிண்டில் நிறம் மாறியிருக்கும் என்று ஏதாவது. வியாழனிலிருந்து அந்த வாயடைப்பு கண்ணில் படும்போதெல்லாம் அவள் துழாவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

பத்தே முக்காலுக்கு மறுபடி போன். “வெள்ளோடு தாண்டிருச்சு” என்றார் அண்ணன். “எப்படிங்கண்ணா தெரிஞ்சுது?” “கண்டக்டரு கத்துனாரு, வேற எப்படி” என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு போனை வைத்துவிட்டு, மேல்பூச்சு டப்பாவைக் குலுக்கிக்கொண்டே, கடைசியாக ஒருதரம் ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று லேப்டாப்பில் அந்தப் படத்தை எடுத்தாள். ஏணியிலிருந்து மஞ்சள் சட்டைக்காரி விழுந்து, துழாவியின் தலை ஏணிப்படியில் மோதி நசுங்கிப்போகும், அதற்கடுத்த காட்சியில் நாம் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்போம், அவள் தோளுக்கு மேலாக நீட்டிய கையும் துழாவியும் அப்பாலே இருட்டும். நசுங்கல் வலப்பக்கம். வசந்தாமணி துழாவியை எடுத்து அதேபோல் நீட்டிப் பிடித்தாள். நசுங்கல் இடப்பக்கம். ஒரு நிமிஷம் இதென்ன என்றே விளங்கவில்லை. நோட்டைப் புரட்டினாள், அவள் கையெழுத்துதான், ‘நசுங்கல், இடது’ என்று முத்து முத்தாக. ஐயோ. இருபத்தாறு வருஷமாகப் பல் வரைபடத்தில் தாளின் வலப்பக்கத்தில் இருப்பதை இடது என்று எழுதிய கை இது, வாய் நம்மைப் பார்த்தல்லவா உட்கார்ந்திருக்கிறது, நம்முடைய வலது அவர்களுக்கு இடது, யோசிக்காமலே கை திருப்பி எழுதும், தூக்கத்தில் கேட்டாலும் திருப்பிச் சொல்லும். இங்கே வாய் ஏது. இங்கே யாரும் எதிரில் உட்கார்ந்திருக்கவில்லையே, அவளுக்குப் பின்னால் நின்று அவள் பார்க்கிற இருட்டை அல்லவா நாமும் பார்த்தோம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாலு மாதம் பார்த்த லட்சணம். உலகத்தில் வேறு எந்தப் பைத்தியமும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்காது, பல் கட்டுகிற பைத்தியத்தைத் தவிர. விட்டுவிடலாமா. அண்ணன் கண்ணுக்கு நசுங்கல் எங்கே தெரியப்போகிறது. ஆனால் அண்ணன் கண்ணால் பார்க்கிறவரா இப்போது, அவர் விரல் வரும், பதின்மூன்று வயசில் நோட்டுப் பின்னட்டையில் துழாவியை வரைந்து நசுங்கலைக்கூடப் போட்ட விரல், அது நேராக வலப்பக்கம் போகும், அங்கே வழவழவென்று இருக்கும்.

அக்ரிலிக் பொடியையும் திரவத்தையும் குழைத்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் கை தானாக நிதானத்துக்கு வந்தது, மனசுதான் ஓடியது, இடப்பக்கக் குழியை நிரப்பி, இறுகட்டும் என்று விட்டுவிட்டு, வலப்பக்கத்தில் பல் ராவுகிற மைக்ரோமோட்டாரின் சக்கரத்தை வைத்தாள், மெல்ல, மெல்ல, ஏணிப்படியின் வளைவு வரவேண்டும், மோதின மாதிரி இருக்கவேண்டும், குடைந்த மாதிரி இருக்கக்கூடாது, சர்ர்ரென்று சக்கரம் உள்ளே போய்விட்டது. பேட்டரி உட்காருவதற்காக உட்பக்கம் அந்த இடத்தை முட்டை ஓடு கனத்துக்கு அவளேதான் ராவியிருந்தாள், மறந்தே போயிற்று. ஓட்டை. ஓட்டையிலிருந்து ஒரு கீறல் ஓடி, வாயடைப்பு நெடுகப் போய், குமிழ்க் கண்ணாடி வளையத்தோடு கையில் வந்துவிட்டது. குமிழ் உடையவில்லை, அதை நிறமில்லாத அக்ரிலிக்கில் வார்த்து, பழைய குக்கரில் மூன்று தடவை வேகவைத்துக் காற்றுக் குமிழியில்லாமல் எடுத்திருந்தாள், அது உடைந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருப்பாள். வாயைப் பிளந்துகொண்டு துழாவி அவளைப் பார்த்தது, உள்ளே மஞ்சள் விளக்கு. அவள் அதைப் பார்த்தாள். மணி பதினொன்று. எதிரில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்கு வலது இடமாகும், இடது வலமாகும், எதிரில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்கு மஞ்சள்தான் அண்ணனுக்கு நல்லது என்றும் தோன்றும். அவருக்குப் பின்னால் போய் நின்று பார்த்தாளா அவள், ஒரு தடவையாவது. அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன வீடுகள் நினைவுக்கு வந்தன. மாலைக்கண் சமாசாரத்தை வாயைத் திறக்காதே என்று அப்பா சொல்லிக் கூட்டிப்போவார், சாயங்காலம் ஆவதற்குள் கிளம்பிவிட ஏற்பாடு, காப்பி வரும், அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்து, “ராத்திரில எனக்குக் கண்ணு தெரியாதுங்க, இன்னும் மோசமாவுமுன்னு சொல்றாங்க, யோசிச்சுச் சொல்லுங்க” என்பார். இரண்டு வீட்டில் எழுந்துவிட்டார்கள். அப்பா பஸ்ஸில் வழியெல்லாம் திட்டினார். மூன்றாவது வீட்டில் தமயந்தி அண்ணி, “அப்பறம் ராத்திரில எங்கெ போகப்போறீங்களாம்?” என்று கேட்டாள், முடிந்தது கல்யாணம். தனக்குக் கிடைக்காமல் போனாலும் போகட்டும், பொய்யாகக் கிடைக்கக் கூடாது என்று நினைக்கிற மனுஷருக்கு, தங்கச்சி மஞ்சளை நீலம் என்று சொல்லிக் கையில் கொடுப்பாளாமா. தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்வார். அதைக் கேட்கப் பயந்துகொண்டு அல்லவா அவள் மஞ்சளை வைத்தாள், அவருக்காகவா வைத்தாள். வெட்கமாக இருந்தது. இடுக்கியை எடுத்து மஞ்சள் விளக்கின் கம்பியை நறுக்கினாள்.

நீலத்தை வைத்து ஈயம் பற்றவைத்தபோது புகை எழுந்து கண்ணை எரித்தது. ஒரு பொட்டுப் போல ஈயம் உருகி, வெள்ளியாகி, சட்டென்று மங்கியது. பேட்டரி, பித்தான், கம்பி. சோதித்துப் பார்க்க மனம் வரவில்லை, பார்த்தாள், அறை வெளிச்சத்தில் ஒரு சோகையான நீலம், அணைத்துவிட்டாள். ஓட்டைக்கு உட்புறமாக ஒரு தகடு கொடுத்து, குமிழை வளையத்தோடு வாயில் மறுபடி பொருத்தி, சுற்றியும் ஓட்டையிலும் அக்ரிலிக் வைத்து, அது இளகி இருக்கும்போதே ஓட்டையின்மேல் பென்சிலின் உருண்ட உடம்பைச் சாய்த்து ஒரே அழுத்து. பென்சிலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். ராவியதில்லை இது, குடைந்ததில்லை, உண்மையாகவே ஒன்று மோதி உண்மையாகவே நசுங்கியது. வியாழக்கிழமை பண்ணியதைவிட ஆயிரம் மடங்கு மேல். இறுகும்போது அக்ரிலிக் சூடாகும், எட்டு நிமிஷம், உள்ளங்கைக்குள் துழாவியின் தலை காய்ச்சல்காரப் பிள்ளையின் தலைபோலச் சுட்டது, உயிரோடு இருக்கிறதா இது, அவள் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள், கீழே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது, நாலாவது அடித்தது, கறி குழைந்துபோகட்டும். இறுகியதும் இடப்பக்கத்தை ராவி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள், பிறகு நாக்கால் தொட்டுப் பார்த்தாள், விரலை ஏமாற்றலாம், நாக்கை ஏமாற்ற முடியாது, பல் கட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒட்டு தெரியவில்லை. பூச்சு, ஹேர் டிரையர், இன்னொரு பூச்சு, ஹேர் டிரையர், பஞ்சில் கொஞ்சம் கறுப்பு, நசுங்கலின் விளிம்பில் உலோகம் தேய்ந்து தெரிகிற மாதிரி ஒரு துளி வெள்ளிப் பொடி. பிளாஸ்டிக்கில் உலோகம் தேய்ந்து தெரிந்தது. பின்னால் தள்ளி நின்றாள். மேஜைமேல் புனாவும் இல்லை, முட்டைக் கம்பியும் இல்லை, பல் செட்டும் இல்லை, அவள்கூட இல்லை, எத்தனையோ வருஷம் எங்கெங்கோ இருட்டில் போய்விட்டு வந்த ஒரு சாமான் இருந்தது. இதைப் பார்க்கிறதுக்குத்தான் பிறந்தேனோ என்று அவள் நினைத்தாள், கொஞ்சம் அதிகமாகத்தான் நினைத்தாள், ஆனால் அப்படித்தான் நினைத்தாள். வாசலில் ஆட்டோ நின்றது.

படியில் கோலின் டக் டக். அவள் ஓடிப்போய் கையைப் பிடிக்கப் பார்த்தாள், “உடு, எண்ணிக்கிட்டு வர்றேன், பதினாறு” என்று அவரே ஏறி வந்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார்.

“பல்லு வாசம் அடிக்குது. ஞாயித்துக்கெழமையும் யாருக்கு அம்மிணி பல்லு?”

“பல்லு இல்லீங்கண்ணா. கையை நீட்டுங்க.”

வைத்தாள். அவர் கை முதலில் பிடியைச் சுற்றி மூடியது, பிறகு நின்றது. வாய் லேசாகத் திறந்தது. விரல் மேலே போய் ஒரு துடுப்பு, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணியது. கட்டைவிரல் வலப்பக்கம் போய் நசுங்கலுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.

“ஏணியில உழுந்தது” என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. “வசந்தா, எங்கெ புடிச்செ இதெ?”

“நான் பண்ணுனதுங்கண்ணா.”

அவள் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டாள். பகல் என்றாலும் அறை போதுமான அளவுக்கு இருண்டது. இருட்டியதும் அண்ணனின் தோள் பழைய வழக்கமாகக் கொஞ்சம் இறுகியது. அவர் கைக்குக் கீழே விரலைக் கொடுத்துப் பித்தானை அழுத்தினாள். குமிழ் முழுக்க நீலம் நிறைந்தது, அண்ணனின் வெள்ளைச் சட்டைமேல், மேஜைமேல், சுவரில் தொங்கிய பல் படங்கள்மேல், அவள் புறங்கைமேல் எல்லாம் நீலம், கொட்டகை நீலம்.

“போட்டியா அம்மிணி?”

அவள் பித்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. “போட்டுட்டனுங்கண்ணா.”

“ம்” என்றார். துழாவி அவர் நெஞ்சுக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது, முகம் அதற்கு மேலே எதையும் பார்க்காமல் இருந்தது. பிறகு அவர் கையை முகத்துக்கு நேரே தூக்கினார். இடமிருந்து வலமாக மெள்ள நகர்த்தினார், அவசரமே இல்லை, கரும்பலகையில் கோடு இழுக்கிற கை. ஒன்றும் இல்லை. கொஞ்சம் தாழ்த்தி மறுபடி வலமிருந்து இடமாக. ஒன்றும் இல்லை. நடுவில் கை நின்றது.

வசந்தாமணி துழாவியையே பார்த்தாள்.

“நீலந்தானே?” என்றார்.

“ஆமாங்கண்ணா. நீலமாத் தெரியுதுங்களா?”

“இல்ல. வெள்ளையாட்டத்தான் இருக்குது. மாட்டுப்பாலாட்ட. ஆனா நீ நீலந்தான் போட்டிருப்பே.” அவர் கை ஓர் அங்குலம் நகர்ந்தது. “அணைச்சுட்டியா?”

“இல்லீங்களேண்ணா. நான் ஒண்ணும் பண்ணல.”

“அணைஞ்சுபோச்சு.” கை மெதுவாகத் திரும்பி வந்தது. “தா, மறுக்கா வந்துருச்சு பாரு.” அவர் சிரித்தார், பதின்மூன்று வயசுப் பிள்ளையின் சிரிப்பு, சத்தமில்லாமல் பல் மட்டும் தெரிகிற சிரிப்பு. கை மேலே போனது, அணைந்தது, கீழே வந்தது, எரிந்தது, ஜன்னல் பக்கம் போய்க் காணாமல் போனது, அவர் பொறுமையாகத் தேடிக்கொண்டு வந்தார், மறுபடி கண்டுபிடித்தார். அப்போதுதான் வசந்தாமணிக்கு உறைத்தது, உறைத்து உடம்பெல்லாம் புல்லரித்தது. அவளுக்கு இது எரிந்துகொண்டே இருக்கிற ஒரு விளக்கு, பித்தானை அழுத்தினால் எரியும், பேட்டரி தீர்ந்தால் அணையும், அதற்குமேல் ஒன்றுமில்லை. அவர் கையில் அது பெரிய இருட்டைத் துழாவித் துழாவி ஓரிடத்தில் மட்டும் எரிகிறது. அந்த நாட்டுக்காரர்கள் வரைந்து காட்டியதை, புனாக்காரர் அச்செடுத்ததை, அவள் நாலு மாதம் ராவியதை, அது இந்த நிமிஷம் உண்மையாகவே செய்துகொண்டிருக்கிறது. பயமாகக்கூட இருந்தது. அழுத்திய பித்தான் அழுந்தியே இருந்தது, அதிலிருந்து விரலை எடுத்துவிட்டு, அடுத்து அது எங்கே எரியப்போகிறது என்று தெரிந்துகொள்ள, அவள் துழாவியைப் பார்க்காமல் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.